ஒரு நாள் முந்திய உயிர்ப்பு

இருபது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில், மற்ற பத்திரிகைகளை முந்திக்கொண்டு நான் கொடுத்த செய்தி ஒன்றே ஒன்றுதான். அதில் இடம் தவறு, சம்பவம் தவறு. நேரம் மட்டும் சரி: பெரிய சனிக்கிழமை, மாலை மூன்று நாற்பது.

விருதுநகரில் குடியிருந்தாலும் எங்களுக்கு ஈஸ்டர் என்றால் நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் மனைவி ஜெயராணியின் ஊர்தான். பெரிய வியாழனன்று போனால் திங்கட்கிழமைதான் திரும்புவோம். தவக்காலம் நாற்பது நாளும் வீட்டில் கறி கிடையாது. அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள், பத்து வயது ஷைனியும் ஆறு வயது டெனியும், மிட்டாயை விட்டிருந்தார்கள். நான் கோபத்தை விட்டிருந்தேன். (டீயை விடச் சொன்னார்கள். பேரம் பேசி மாற்றிக்கொண்டேன்.)

அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை இரவுப் பூசையில், இரண்டு நாள் ஊமையாக இருந்த மணிகள் மறுபடி ஒலிக்கும் நொடியில், மைதானத்தில் காக்கித் தாளில் செய்து வைத்த கல்லறைக்குப் பின்னால் ஒரு வெடி வெடிக்கும். கல்லறை வாய் திறக்கும். உயிர்த்த சாமியின் சுரூபம் எழும். வெடிதான் ஊருக்குச் சோறு போடுகிறது என்பதால் இந்த விஷயத்தில் யாரும் குறை வைப்பதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் கல்லறை செய்யும் வேலையை ஃபாதர் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டார். மேற்பார்வை, படித்தவர் என்ற ஒரே தகுதியில், நான்.

சரிபார்க்காத எதையும் அச்சேற்றக் கூடாது என்பது என் தொழில் தர்மம். ஆகவே சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு, ஒரு அணுகுண்டு வெடியைக் கல்லறைக்குப் பின்னால் வைத்து, சத்தம் எடுப்பாக இருக்கட்டும் என்று மேலே ஒரு தகர டின்னையும் கவிழ்த்து, சோதித்துப் பார்த்தேன். திரி 'புஸ்' என்றது. அவ்வளவுதான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் 'பாதுகாப்பாகப் பட்டாசு வெடிப்பது எப்படி?' என்று எங்கள் பத்திரிகையில் கால் பக்கம் வரும். எழுதுவது நான். அதில் நான்காவது குறிப்பு: வெடிக்காத பட்டாசின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நான் ஊற்றவில்லை. ஊற்றினால் பிள்ளைகள் மூன்று நாளாக ஒட்டிய காக்கித் தாள் ஊறிப் போகும். நமத்த வெடி என்று முடிவு செய்து, மாமனார் வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன். பசை தடவிய தாளில் விழுந்த ஒரு பொறி, பீடியைப் போல உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

டம்ளரில் பாதி டீ இருக்கும்போது கேட்டது.

மற்ற ஊர்களில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் "என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்வி கிடையாது. "எந்தப் பக்கம்?" என்பது மட்டும்தான். யாரோ மேற்கே என்றார்கள். மேற்கே பட்டாசுக் கம்பெனி.

"ஏங்க, சகாயம் உள்ள இருக்கா!" என்றாள் ஜெயராணி.

சகாயம் அவள் தங்கை. பெரிய வெள்ளிக்கு லீவு எடுத்ததால் சனிக்கிழமை கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். சொல்லி முடிக்கும்போதே ஜெயராணி தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள், செருப்பில்லாமல். நான் வண்டியை எடுத்தேன். ஓடும் பெண்களை ஒவ்வொருவராகக் கடந்தேன். அவர்களில் ஒருத்தி என் மனைவி. பின்னிருக்கை காலியாக இருந்தது. நிருபன் சம்பவ இடத்துக்கு முதலில் போக வேண்டும் அல்லவா?

போகும்போதே ஒரு கையால் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"நாரணாபுரம் பக்கம் கம்பெனில வெடி விபத்து."

"எத்தனை பேர்?" என்றது மறுமுனை.

"விவரம் வரலை. கரும்புகை சூழ்ந்திருக்கு."

புகையை நான் பார்க்கவில்லை. எல்லா விபத்துச் செய்தியிலும் கரும்புகை இருக்கும் என்பதால் சேர்த்தேன். இரண்டு நிமிடத்தில் அது இணையத்தில் ஏறிவிட்டது.

கம்பெனி வாசலில் ஐம்பது பேராவது இருப்பார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வாட்ச்மேன் அறையில் கொடுத்துவிட வேண்டும். அந்த அறையின் மரப்பெட்டிக்குள் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, ஒரு குழந்தையின் சிரிப்பு. எடுக்க ஆளில்லை.

என் பக்கத்தில் புஷ்பம் நின்றாள். பழைய விபத்து ஒன்றில் கணவனையும் மகனையும் பறிகொடுத்தவள். அந்தச் செய்தியையும் எழுதியவன் நான். எந்தக் கம்பெனியிலும் இப்போது அவளுக்கு யாருமில்லை.

"நீங்க ஏம்மா ஓடி வந்தீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சத்தம் கேட்டா காலு நிக்குமாய்யா?" என்றாள்.

கதவு திறந்தது. போர்மேன் வெளியே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்தார். "இங்கன ஒன்னும் ஆகலையே. வேலைதான நடக்கு. எதுக்கு இம்புட்டுப் பேரு?" அவருக்குப் பின்னால், கையெல்லாம் வெடிமருந்தின் சாம்பல் நிறத்தோடு சகாயம். அதற்குள் ஓடி வந்து சேர்ந்திருந்த ஜெயராணியின் காலைப் பார்த்து, "ஏக்கா, செருப்பு எங்க?" என்றாள்.

அப்போது என் போன் அடித்தது. ஃபாதரின் எண். பேசியது ஷைனி. அவளுக்குத் தணிந்த குரல் கிடையாது.

"அப்பா! நீங்க வச்ச வெடி வெடிச்சிருச்சு! கல்லறையே இல்லப்பா!"

பின்னாலிருந்து டெனி கேட்டான்: "ஏசு சாமி இன்னைக்கே எந்திரிச்சுட்டாராக்கா?"

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. யாராவது இரண்டு அறை கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கொடுக்கவில்லை. புஷ்பம்தான் பேசினாள். "மாரியாத்தா புண்ணியத்துல ஒங்க செய்தி பொய்யாப் போச்சு."

என் எழுத்தை இதைவிட மனதாரப் பாராட்டியவர் இன்றுவரை யாருமில்லை. திரும்பும் வழியெல்லாம் ரோட்டில் செருப்புகள் கிடந்தன, பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக. புஷ்பம் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துக்கொண்டே போனாள்.

நான் அலுவலகத்துக்குப் போன் போட்டு, செய்தியை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, ஜெயராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெடிக்கும்போது பிள்ளைக எங்கன இருந்துச்சு?"

அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கல்லறைக்குச் சாயம் அடிக்கச் சொல்லி, அதே மைதானத்தில் அவர்களை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் நான்.

கோயிலுக்குப் போனோம். கருகிய மூங்கில்கள், கிழிந்த தகர டின். ஷைனியும் டெனியும் தூரத்துக் குழாயடியில் நின்றார்கள். காலடியில் முக்கால் வாளித் தண்ணீர்.

"வெடிக்காத வெடி மேல ஊத்தணும்ல? நீங்கதானப்பா எழுதியிருந்தீங்க," என்றாள் ஷைனி. "குழாய்ல தண்ணி நூலாத்தான் வந்துச்சு. வாளி நிறையவே இல்ல."

அந்த ஊரில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று நானே இரண்டு முறை கண்டித்து எழுதியிருக்கிறேன். வாளி நிறைந்திருந்தால் வெடிக்கும்போது இருவரும் எங்கே குனிந்திருப்பார்கள் என்று கணக்குப் போடப் பார்த்தேன். முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கருகிய மூங்கில்கள் மேல் ஊற்றினேன்.

அன்று இரவு ஃபாதர் மணியை மட்டும் அடித்தார். அந்தக் கோயிலில் அதற்குப் பிறகு வெடி கிடையாது.

இப்போதும் ஒவ்வொரு பெரிய சனிக்கிழமையும் நான் டீ குடிக்க உட்கார்ந்தால், பதினாறு வயது ஷைனி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். "ஒரு நாள் முந்தி எழுப்பினவரு" என்பது மாமனார் வீட்டில் என் பெயர். சகாயம் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். பெரிய சனிக்கிழமையன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேன் அறைக்கு வந்து போன் போடுவாள். "அத்தான், உசுரோடதான் இருக்கேன். பேப்பர்ல போட்டுறாதீக!" வீடே சிரிக்கும்.

சென்ற ஆண்டு அந்தப் போன் இருபது நிமிடம் தாமதமாக வந்தது. அதுவரை ஜெயராணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியைக் கிளப்பி, பின்னிருக்கையைத் துடைத்து வைத்திருந்தேன்.