ஹார்லன் கேட்ட எடை

இந்தப் பனிக்காலம் மொட்டைச்சரிவில் ஏறியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

மூன்று வருடமாக அந்தச் சரிவில் பாதிவரை போய்ப் புதைகிறேன். என் மனைவி லெஸ்யாவின் அண்ணன் ஓரெஸ்ட் உச்சியில் நின்று கையாட்டுவான். பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிக்காரர்கள் சேர்ந்த எங்கள் பனிவண்டிச் சங்கத்தில் ஒரு வழக்கம். ஏற முடியாதவன் அடுத்த வருடம் முழுக்கச் சங்கத்தின் சூப் அண்டாவைச் சுமக்க வேண்டும். மூன்று வருடமாக அண்டா என் வண்டியில்தான். இப்போதெல்லாம் ஊரில் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. "இன்னிக்கு என்ன சூப்?" என்கிறார்கள்.

குறை என்னிடம் இல்லை. வண்டியின் ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. நாலையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினால் வண்டி மலையாடு மாதிரி ஏறும். பக்கத்து ஊர் ஹார்லன் இதில் கெட்டிக்காரர். ஓட்டுகிற ஆளுக்குத் தகுந்த ஸ்பிரிங் போட்டு, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிச் செய்து தருவார். போன் செய்தேன்.

"பண்ணிடலாம் டெல்மர். உன் எடை எவ்வளவு?"

எனக்கு வியர்த்தது. வெளியே மைனஸ் பதினெட்டு.

மூன்றடி தள்ளி லெஸ்யா பெரோகிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு பூரணம், மேலே வெண்ணெய், வதக்கிய வெங்காயம். போன வசந்தத்தில் டாக்டர் சொல்லிவிட்டார், நான் இருநூறு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. தாண்டினால் பெரோகி கிடையாது, முட்டைக்கோஸ்தான் என்று லெஸ்யா தீர்ப்பு எழுதிவிட்டாள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எடை மெஷினில் ஏறும்போது சுவரை லேசாகப் பிடித்துக்கொள்வேன். உண்மை எனக்கும் கடவுளுக்கும் என் நாற்காலிக்கும்தான் தெரியும்.

"ஹலோ? எடை?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் சேர்த்தா?"

பூரிக்கட்டை நின்றது.

"ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான்" என்றேன்.

"அடேயப்பா! உன் ஜாக்கெட்டைக் காத்துல தச்சாங்களா?" என்றாள் லெஸ்யா.

போனை வைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பெரோகி போச்சு. பொய்யைச் சொன்னால் ஸ்பிரிங் படுத்துவிடும், மொட்டைச்சரிவு போச்சு. மத்தியானம் கராஜுக்குள் போய் மறுபடி அடித்தேன். ஹார்லன் சாப்பிடப் போயிருந்தார். பதிவு மெஷின்தான் பேசியது. பாவமன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன்: "ஹார்லன், இருநூத்தி நாப்பத்தேழுன்னு போட்டுக்குங்க. என் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்."

அதன்பிறகு பத்து நாள் எனக்கு நிம்மதி இல்லை. போன் மணி அடித்தால் முதல் ஆளாக ஓடினேன். ஓடிய ஓட்டத்துக்கே அஞ்சு பவுண்டு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஓடிய களைப்புக்கு ஏதாவது சாப்பிட வேண்டியிருந்தது.

பெட்டி வந்தது. பிரித்தேன். ஷாக்குகளோடு ஒரு அட்டையும் இருந்தது.

"அதைப் படிக்கலையா?" என்றாள் லெஸ்யா.

"போல்ட் முடுக்கறதுக்கு எனக்கு ஒரு அட்டை சொல்லித் தரணுமா?"

"சரிப்பா. தொலையாம இருக்கட்டும்" என்று ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். எங்கள் ஆறு வயது மகள் டாரியா கிரேயானோடு அங்கேயே குடியேறினாள்.

"என்னடா தங்கம் கிறுக்கற?"

"கிறுக்கல அப்பா. எண்ணக் கத்துக்கறேன்."

"கெட்டிக்காரி" என்று சொல்லி, ஃப்ரிட்ஜைத் திறந்து ரெண்டு பெரோகி எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் கிரேயான் ஒரு கோடு கீறியது.

நாலு ஷாக்கையும் மாட்டி முடித்து வண்டியில் உட்கார்ந்தேன். பின்பக்கம் சினை மாடு படுப்பது மாதிரி நிதானமாக இறங்கியது.

"நூத்தித் தொண்ணூத்தெட்டுக்கு இவ்வளவு இறங்குமா?" லெஸ்யா வாசலில் நின்றிருந்தாள்.

"இறங்கணும். அதுக்கு ஒரு பேரு இருக்கு."

"என்ன பேரு?"

"இருக்கு."

சனிக்கிழமை வந்தது. டாரியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, லெஸ்யாவும் அவளுடைய பழைய வண்டியில் வந்தாள். பனிச்சரிவு பயத்தால் மொட்டைச்சரிவில் ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கி நின்று, ஏறுகிறவன் மேலேயே கண் வைத்திருக்க வேண்டும். உயிரைக் காக்கிற விதி. மானத்தைக் காக்காது.

இருபத்திரண்டு பேர் பார்க்க முடுக்கினேன். பின்பக்கம் பனிக்குள் உட்கார்ந்தது. முன்பக்கம் பிஸ்கட் கேட்கிற நாய் மாதிரி எழுந்து நின்றது. அங்கேயே புதைந்தேன். போன வருடம் பாதி. இந்த வருடம் கால்வாசி.

மேலேயிருந்து ஓரெஸ்ட் வாக்கிடாக்கியில் கேட்டான். "மச்சான், இந்த வருஷம் பட்டாணி சூப் போடுவோமா?"

தோண்டி எடுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். லெஸ்யா ஹெல்மெட்டை மாட்டினாள். "இறங்கு. ஒரே ஒரு தடவை நான் பாக்கறேன்."

ஏறினாள். போனாள். அவ்வளவுதான். அண்ணன் பக்கத்தில் நின்று கையாட்டினாள். வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது: "டெல்மர், ஷாக் அருமையா இருக்கு!"

டாரியாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் ஹார்லனைத் திட்ட நம்பர் தேடினேன். அட்டையில் இருக்கும் என்று ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். கிரேயான் கோடுகளுக்கு நடுவே முதல்முறையாகப் படித்தேன்.

ஓட்டுபவர்: லெஸ்யா. உடுப்போடு எடை: நூற்று ஐம்பத்திரண்டு.

"ஹார்லன் போன் பண்ணாரு" என்றாள் அவள், பூட்ஸைக் கழற்றியபடி. "உன் புருஷன் ரெண்டு எடை சொல்றான், எதைப் போடட்டும்னாரு. ரெண்டும் வேண்டாம், என்னுதைப் போடுங்கன்னேன்."

"நான்தானே ஓடி ஓடி போன் எடுத்தேன்! எப்ப பண்ணாரு?"

"நீ கராஜ்ல ஒளிஞ்சு பெரோகி தின்னுட்டிருந்தப்ப."

"அது என் வண்டி லெஸ்யா! ஷாக்கை மாத்தச் சொல்றேன்."

"நல்ல ஷாக்கை எதுக்கு மாத்தணும்? நீ மாறு. அதுவரைக்கும் என் பழசை ஓட்டு. அண்டா கட்ட அதுல கொக்கி இருக்கு."

ஆறுதலுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டில் முட்டைக்கோஸ். கீழ்த்தட்டிலும் முட்டைக்கோஸ்.

கதவுக்கு அந்தப் பக்கம், அட்டையின் மேல் கிரேயான் கீறும் சத்தம் கேட்டது.

"அறுபத்தி ரெண்டாவது தடவை திறக்கற, அப்பா" என்றாள் டாரியா.