நாற்பத்தெட்டு நாள் நெருப்பு

இடையாற்றின் வடகரையில் உயர்நாடு என்றொரு நாடு இருந்தது. மாதம் மும்மாரி பெய்த நாடு என்று அதைப் பாட இயலாது. மழையைக் கவனிக்க அங்கே எவருக்கும் நேரம் இருந்ததில்லை. அந்நாட்டின் புகழெல்லாம் அதன் வளர்ச்சியே. ஒவ்வொரு விடியலிலும் முரசறைவோன் கோட்டை மேல் ஏறி, "நேற்றினும் இன்று நாடு மூன்று முழம் உயர்ந்துள்ளது!" என்று அறிவிப்பான். மக்கள் கைதட்டுவார்கள். எங்கே நின்று எதை அளந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நாட்டை ஆண்டவர், தந்தை சூட்டிய பெயரை முடிசூட்டு நாளில் துறந்து தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட ஏறுமுகவர்மர்.

வானளாவ மாடங்கள் எழுப்பக் கல் இருந்தது, சுமக்கத்தான் ஆளில்லை. உள்நாட்டு இளைஞர் யாவரும் வளர்ச்சியைக் கணக்கிடும் அலுவலகங்களில் அமர்ந்துவிட்டனர். ஆகவே தென்கரையில் இருந்த கரைநாட்டுக்கு ஓலை போயிற்று. இரு கரைக்கும் மொழி ஒன்று. தொழும் தெய்வமும் ஒன்று. ஆனால் படகுத்துறையில் தரப்பட்ட அனுமதிச் சீட்டில், வந்தவர் பெயர் எழுத இடம் விடப்படவில்லை. 'கை: இரண்டு' என்று மட்டும் பொறித்து முத்திரை குத்தினார்கள்.

அப்படி வந்த கைகளில் இரண்டு செங்கோதை என்பவளுடையவை. நூறுநிலை மாடத்தில் சித்தாளாக மூன்றாண்டு சாந்து சுமந்தாள். அவள் நீட்டிய சட்டியை வாங்கிச் சுவர் எழுப்பியவன் மருதன். கரணை பிடிக்கத் தெரிந்த உள்நாட்டுக் கொத்தர்களில் எஞ்சியிருந்த சிலருள் ஒருவன்.

"ஏ புள்ள, இந்தச் சாந்தக் கொழச்சது ஒங் கையா?" என்று ஒருநாள் கேட்டான்.

"சீட்டுல கை மட்டுந்தான இருக்கு. வேற யாரு கொழப்பா?"

"அந்தக் கையப் பிடிச்சா சட்டப்படி தப்பாவுமோ?"

"ஒங்க நாட்டுச் சட்டம். நீருதான் கேட்டுச் சொல்லணும்."

மருதன் கேட்டான். கேட்டவன் அவன் ஒருவனல்லன். அவ்வாண்டில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு சோடிக் கைகள் மணம் புரிய விண்ணப்பித்தன. செய்தி அரசவையை எட்டியபோது, எல்லைக்குப் பொறுப்பான அமைச்சர் திருமலிவாணர் எழுந்து நின்றார்.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இடையாற்றின் இரு கரையிலும் தாலியும் மாலையும் மட்டும் ஒரு மணத்தை மணமாக்கிவிடுவதில்லை. மணமகள் தாய்வீட்டு அடுப்பிலிருந்து தணல் எடுத்து, மண்சட்டியில் ஏந்தி வருவாள். அத்தீயில் முதற்சோறு பொங்கி இருவரும் உண்ட பிறகே அவர்கள் கணவனும் மனைவியும்.

"மாமன்னரே!" என்றார் திருமலிவாணர். "பெண் வந்தால் திருப்பி அனுப்பலாம். நெருப்பு வந்தால் அது எதைப் பற்றும், யாரைப் பற்றும் என்று எவர் உரைக்க இயலும்? வெளிநாட்டு நெருப்பின் எண்ணங்களை நாம் அறியோம்."

"நெருப்புக்கு எண்ணம் உண்டா?"

"இல்லை என்று நிறுவப்படும் வரை, உண்டு என்று கொள்வதே நல்லாட்சியின் மரபு."

மன்னர் தலையசைத்தார், சட்டம் பிறந்தது. வெளித்தீ யாவும் எல்லையில் உள்ள தீமனையில் நாற்பத்தெட்டு நாள் காவலில் இருக்க வேண்டும். இடையில் அணைந்தால் மணம் இல்லை. மணமகள் அடுத்த படகில் ஏற்றப்படுவாள், மீண்டும் வர இயலாது. நாற்பத்தெட்டாம் நாள் நண்பகல் முரசு முழங்கும்வரை அணையாது நின்றால், அத்தீ உள்நாட்டுத் தீ. கொண்டுவந்தவள் உள்நாட்டுக் குடி. அமைச்சர் தம் கைப்பட மேலும் ஒரு வரி சேர்த்தார்: 'காவல் முடியாத தீயில் உண்பவர் எவராயினும் வெளிநாட்டவர், உள்நாட்டுக் குடி ஒருவர் தம் கையால் தரும் உள்நாட்டுத் தீயில் உண்பவர் எவராயினும் உள்நாட்டவர்.' அந்த வாக்கியத்தின் ஓசைநயத்தை அவை நெடுநேரம் பாராட்டியது.

ஐப்பசி பிறக்கும் முன் செங்கோதை படகேறிப் போய்த் தாயின் அடுப்பிலிருந்து தணல் கொண்டுவந்தாள். ஆற்றுக்காற்றில் முதுகைத் திருப்பிச் சட்டியை மடியில் வைத்துக் காத்தாள். துறையில் ஆய்வாளர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்திருந்தார்.

"இந்நெருப்பு இந்நாட்டுக்கு வரும் நோக்கம் யாது?"

"சோறாக்கதுக்குங்க."

"எவ்வளவு காலம் தங்க எண்ணம்?"

"நா உசுரோட இருக்க மட்டும்."

"இதற்கு முன் எங்கேனும் பற்றியதுண்டா?"

"எங்க அம்மை அடுப்புல அம்பது வருசமா பத்திக்கிட்டுத்தான் இருக்கு."

'முன்குற்றம் உண்டு' என்று எழுதி, எழுபத்து மூன்றாம் எண்ணை அவள் சட்டியில் பொறித்தார் ஆய்வாளர்.

தீமனை நீண்ட கொட்டகை. உள்ளே நூற்றுப் பன்னிரண்டு சட்டிகள் வரிசையாய்க் கனன்றன. காவலர் மாசிலாமணி, பிறர் வீட்டு நெருப்பைத் தம் பிள்ளைபோல் பார்க்கும் மனிதர். பெண்கள் நாள்தோறும் வேலை முடிந்து வந்து தத்தம் சட்டிக்கு விறகிட்டார்கள். பத்தாம் நாள் ஓர் ஆணை வந்தது: சாரம் கட்ட மரம் போதவில்லை, ஆதலின் தீமனைக்கு விறகு நிறுத்தம். பெண்கள் சுள்ளி பொறுக்கினார்கள். இருபத்தைந்தாம் நாள் மற்றோர் ஆணை: நகர வாயிலில் எழும் வளர்ச்சி வளைவுக்கு ஓடு தேவை, ஆதலின் தீமனைக் கூரையின் ஓடுகள் எடுக்கப்படும். எடுத்தார்கள், ஓலை வேய்ந்தார்கள். மாசிலாமணி எழுதிய முறையீட்டுக்கு, 'நெருப்புக்குக் குளிராது' என்று பதில் வந்தது.

நாற்பத்தோராம் நாள் உச்சிப்பொழுதில் வானம் திறந்துகொண்டது. ஒரு கையில் அனலும் சடையில் புனலும் ஏந்தி நிற்பவனைத் தொழும் நாட்டில், அன்று புனலின் பக்கமே அருள் மிகுந்திருந்தது. நீர் போகும் கால்வாய்களின் மேலெல்லாம் மாடங்கள் எழுந்திருந்தமையால் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. செங்கோதை வேலையிடத்திலிருந்து ஓடிவந்தபோது ஓலைக்கூரை பிய்ந்து கிடந்தது. சட்டிகளில் சாம்பல் மிதந்தது.

எழுபத்து மூன்றாம் சட்டி மட்டும் கனன்றது. கொத்துவேலை பழகிய அவள் முந்தின நாளே சிரட்டைக்கரி இட்டு, இரும்புச் சாந்துச்சட்டியை மேலே கவிழ்த்து, காற்றுக்கு ஒரு துளை மட்டும் விட்டு ஓரத்தில் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தாள்.

வடிவு என்ற பெண் தன் சட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தாள். "நாளைக்குப் படகுல ஏத்திருவாங்க, அக்கா," என்றாள். அவளைச் சுற்றி நூற்றுப் பத்துப் பேர்.

செங்கோதை சாந்துச்சட்டியைத் தூக்கினாள்.

மாசிலாமணி பதறினார். "ஏ தாயி, என்ன செய்யுத? ஒரு சட்டித் தீய இன்னொண்ணுல வச்சா அது கள்ளத்தீ. தெரிஞ்சா மொதல்ல ஒன்னதத்தான் அணைப்பாங்க. ஏழு நாளுதான் பாக்கி. பேசாம மூடி வையி."

"நா மட்டும் குடியாகி, இவ்வளவு பேர் அழுததயும் நெனச்சுக்கிட்டு அந்தச் சோத்தத் திங்கவா, அண்ணாச்சி?"

"நா காவக்காரன்லா? ஏட்டுல எழுதணும்லா?"

"எழுதுங்க. அதுக்கு முன்ன அந்த இடுக்கிய எடுங்க."

மாசிலாமணி ஏட்டை மூடி வைத்தார். பிறகு இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். ஊத ஆள் போதாதபோது தாமே குனிந்து ஊதினார். பெண்கள் பிய்ந்த ஓலைகளைச் சட்டிகளின்மேல் பிடித்து மழையை மறைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் நூற்றுப் பன்னிரண்டு சட்டிகளும் சிவந்தன.

மறுநாள் காலையில் மழை விட்டது. நகரில் ஓர் அடுப்பும் எரியவில்லை. பஞ்சும் சுள்ளியும் ஊறிப்போய்ச் சிக்கிமுக்கிக் கல்லைத் தேய்த்துக் கை சிவந்ததே மிச்சம். புகை எழுந்த ஒரே இடம் தீமனை. முதலில் மீன்விற்கும் பெண்ணொருத்தி கொட்டாங்கச்சியோடு வந்தாள். "தாயி, ரெண்டு தணலு தா. புள்ளைக பசியில கெடக்கு."

தீ கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது இரு கரையிலும் இல்லாத இழிவு. செங்கோதை அள்ளிக் கொடுத்தாள். அவளுக்குப் பின் தெருவே வந்தது. நண்பகலில் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து வெள்ளித் தூபக்காலோடு இருவர் வந்தனர்.

மாலையில் மருதன் வந்து கூரை வேய்ந்தான். "எங்க வீட்லயும் ஒங்க அம்மை அடுப்புத் தீதான் எரியுது," என்றான் மேலிருந்து. "சட்டப்படி பாத்தா நானும் இப்போ ஒங்க ஊருக்காரன்."

"அப்போ ஒமக்கும் சீட்டு வாங்கணும். கை ரெண்டும் ஒழுங்கா இருக்கான்னு பாப்பாங்க," என்றாள் அவள். சிரித்தாளே தவிர, அச்சம் போகவில்லை. மாசிலாமணியின் ஏட்டில் எல்லாம் எழுதப்பட்டிருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் திருமலிவாணர் குடைபிடிப்போரும் எழுத்தர்களும் புடைசூழத் தீமனைக்கு எழுந்தருளினார், ஏட்டைத் திறந்தார். 'மழை. எல்லாம் அணைந்தன. எழுபத்து மூன்று அணையவில்லை. அதிலிருந்து மற்றவை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தோம்.' மாசிலாமணிக்குப் பொய் எழுத வராது. முப்பதாண்டுப் பணியில் அவர் உயர்வு பெறாமைக்கு அதுவே காரணம்.

"கேட்டவர்க்கெல்லாமா?"

"ஆமாங்கய்யா. தீ கேட்டு வந்தவங்கள எப்படி வெறுங்கையா அனுப்ப?"

"அந்த எழுபத்து மூன்றை உடனே அணையுங்கள்!"

செங்கோதை சட்டியின் முன்னே வந்து நின்றாள். அப்போது தலைமை எழுத்தர் பணிந்து சொன்னார்: "குற்றத்தின் அளவு அறியாது தண்டம் விதிக்கலாகாது என்பது விதி. அத்தீயில் உண்டவர் பட்டியலை முதலில் தாக்கல் செய்தல் வேண்டும்."

"எவன் இயற்றிய விதி அது?"

"தாங்கள்."

"நல்ல விதி. அப்படியே ஆகட்டும்."

எழுத்தர் பன்னிருவர் பன்னிரு திசையில் ஓடினார்கள். நண்பகலை நெருங்கும் வேளையில் திரும்பி வந்தார்கள்.

"வடக்கு வீதி?"

"முழுவதும், ஐயா."

"உண்ணாதவர் ஒருவர்கூட இல்லையா?"

"கீழ வீதியில் ஒருவர் இருந்தார். வயிற்றுக்கோளாறால் ஆறு நாள் பட்டினி. இன்று காலை குணமாகிக் கஞ்சி குடித்துவிட்டார்."

"அரண்மனை?"

"மன்னர் நேற்றுப் பொங்கலை இருமுறை கேட்டு வாங்கி உண்டார்."

அமைச்சரின் குரல் தணிந்தது. "என் இல்லம்?"

எழுத்தர் தரையைப் பார்த்தார். "தங்கள் துணைவியார் ஆறாவது ஆளாக வந்து வாங்கிச் சென்றார்."

திருமலிவாணர் மூலையில் இருந்த நீர்க்குடத்தைத் தாமே தூக்கினார்.

"ஐயா, தாங்கள் இப்போது வெளிநாட்டவர். காவலில் உள்ள தீயைத் தொடத் தங்களுக்கு உரிமை இல்லை," என்றார் தலைமை எழுத்தர்.

"என்னைத் தடுக்க உமக்கு உரிமை உண்டோ?"

"இல்லை. நானும் உண்டேன்."

ஒருவர் குடத்தோடும் மற்றவர் ஏட்டோடும் நின்றனர். இந்நிலையில் எவர் எதைச் செய்யலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இருவரும் அதை எண்ணிக்கொண்டிருக்கையிலேயே கோட்டையில் நண்பகல் முரசு முழங்கியது.

அந்த நொடியில் எழுபத்து மூன்றாம் சட்டியின் தீ உள்நாட்டுத் தீயாயிற்று. செங்கோதை உயர்நாட்டின் குடியானாள். அந்நாட்டில் அப்போது வேறு குடிகளே இல்லை. மற்ற நூற்றுப் பதினொரு சட்டிகளும் இடையில் அணைந்தவை, நகரெங்கும் எரிந்த தணல் காவல் முடியுமுன் வெளியேறியது, ஆதலால் அவை செல்லா என்று எழுத்தர்கள் ஆய்ந்து முடிவு கண்டனர். மன்னர் சட்டத்தை மாற்றலாமா என்று ஆளனுப்பிக் கேட்டார். வெளிநாட்டவர் சட்டம் இயற்ற இயலாது என்று தலைமை எழுத்தர் கண்ணீரோடு விடையளித்தார். எஞ்சியது ஒரே வழி: குடி ஒருவர் தம் கையால் தரும் தீயில் உண்ண வேண்டும்.

வரிசை தீமனை வாயிலில் தொடங்கி ஆற்றங்கரை வரை நீண்டது. வழக்கம்போல் அமைச்சர் முதலில் நின்றார். செங்கோதை ஒரு தணலை எடுத்து அவர் சட்டியில் வைத்தாள்.

வாங்கிய கையோடு அவர் திரும்பிப் பின்னால் நின்ற கூட்டத்தை நோக்கினார். முகத்தில் பழைய கம்பீரம் வந்தது. "அம்மணி, இந்நாட்டின் நலம் கருதி உரைக்கிறேன். கதவை இப்போதே மூடுங்கள். எனக்குப் பின்னே நிற்போர் யாவரும் வெளிநாட்டவர். இத்தனை பேரை நாடு தாங்காது."

அவருக்கு அடுத்து நின்றவன் மருதன். தலையெல்லாம் சுண்ணாம்புத்தூள், மடியில் ஒரு படி அரிசி.

செங்கோதை அமைச்சரின் சட்டியைக் காட்டினாள். "அய்யா, தணலு கருத்துக்கிட்டு வருது பாருங்க. ஊதிக்கிட்டே வீட்டுக்குப் போங்க. சோறு பொங்கி அம்மாவோட சாப்பிடுங்க. வாசல்ல நிக்காதீங்க, ஆளு வரணும்."

திருமலிவாணர் பார்த்தார், மெய்தான். கன்னங்கள் புடைக்க ஊதியவாறு அவர் விரைந்தார். வடிவு அவருக்கு வழிவிட்டு, "மெதுவா ஊதணும் அய்யா, சாம்ப பறக்கு," என்று சொல்லிக் கொடுத்தாள்.

"அடுப்புக்கு மூணு கல்லு இருக்கா?" என்று மருதனைக் கேட்டாள் செங்கோதை.

"கொத்தன் வீட்ல கல்லுக்கா பஞ்சம்? ஒரு தணலு தா. நீயும் வா. ஒல கொதிக்க எவ்வளவு நேரம் ஆவப்போவுது?"

"இவங்க எல்லாருக்கும் கொடுத்துட்டு வாரேன். அரிசியக் களஞ்சு வையும்."

பெரிய தணலாகப் பார்த்து எடுத்து அவன் சட்டியில் வைத்தாள். மருதன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு விலகினான். அடுத்து நின்ற மன்னர், தம் சட்டியைத் தாமே ஏந்தி, ஓரடி முன்னே வந்தார்.