மஞ்சள் சாக்பீஸ் கோடு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. ஸ்பானரை எடுத்து எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடும். துவாக்குடியில் ஒரு பட்டறையில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்த திமிர். அந்தத் திமிரில் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிக் காட்டியாகிவிட்டது. நான் ஒருத்தன்தான் பாக்கி.

தென்னூர் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய ஜீப் நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. அடியில், இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக ஷாஃப்ட் என்று ஓர் இரும்புக் குழாய், முன் சக்கரத்துக்கு இன்னொன்று. சாதாரண ரோட்டில் பின் ஷாஃப்ட்தான் வேலை செய்யும். லிவரைப் போட்டால் முன்னதும் சேர்ந்து இழுக்கும். கல் குவாரியில் சூப்பர்வைசராக இருந்த அப்பா அந்த ஜீப்பை மூத்த பிள்ளையாக நடத்தினார். (அக்கா இரண்டாவது. நான் மூன்றாவது.)

ஓர் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பின் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஜாயின்ட்டுகள் தேய்ந்து கத்தின. மெக்கானிக் பஷீர் பாய் வீட்டுக்கே வந்து ஷாஃப்டைக் கழற்றினார். அது ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு துண்டு. திரும்பச் செருகும்போது அதே நேரில் சேர வேண்டும் என்று, பிரிப்பதற்கு முன் இரண்டின் மேலும் சேர்த்து மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். புது ஜாயின்ட் அடித்து வைத்துவிட்டு, பூஜை முடிந்ததும் வந்து மாட்டித் தருவதாகச் சொன்னார்.

"கோட்டை மட்டும் அழிச்சிராதீங்க தம்பி. மாறிப் போச்சுன்னா வண்டி ஆடும், ஜாயின்ட்டும் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. யார் யாருக்குச் சொல்வது?

பூஜையன்று அரிவாள்மனை, ஸ்பானர், மிக்ஸி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வந்தன. ஷாஃப்டையும் வைக்க வேண்டும் என்று எனக்குப் பக்தி பொங்கியது. டீசலில் துணியை நனைத்து இரண்டு துண்டையும் பளபளவென்று துடைத்தேன். விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். (கோடு? அது துணியோடு போய்விட்டது.) மறுநாள் பாய் வருவதற்குள் நானே மாட்ட உட்கார்ந்தபோதுதான் கோடு இல்லாதது உறைத்தது. உருண்டைக் குழாய்க்கு எது மேல், எது கீழ் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு செருகினேன். பாயை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன்.

அப்பா அப்போது மூச்சுத் திணறலில் படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்திருந்தாள். நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும், சத்தத்தை வைத்தே கூப்பிட்டார்.

"கோடு பார்த்துப் போட்டியாடா?"

"பார்த்துத்தான் போட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான். நான் சொன்னது பொய்.

பால் தெளித்து அஸ்தி எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு வரும்படி ஐயர் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போனார். அப்பா தன் ஜீப்பில்தான் போவார் என்று நான் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அக்கா வீட்டுக்காரர் தன் பைக்கில் முன்னால் போய்விட்டார். அக்கா கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் வண்டி நடுங்கியது. "அப்பா உள்ளே குலுங்குறாருடா" என்றாள். ரோடு சரியில்லை என்றேன். காவிரிப் பாலத்தின் நடுவில் பின்பக்க ஜாயின்ட் உடைந்து, ஷாஃப்டின் ஒரு முனை கீழே விழுந்து, தீப்பொறி பறக்க ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. ஓரங்கட்டக்கூட முடியவில்லை. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

நான் மொட்டைத் தலையும் ஒற்றை வேட்டியுமாக இறங்கினேன். பின்னால் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் திட்டிக்கொண்டே வந்தார். கலசத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

மணி பத்து அடித்து ஐந்து நிமிடம். நான் நடு ரோட்டில் அழுதேன்.

"கோடு பார்க்கலக்கா. அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும். அவருக்கும் தெரியும். நீ வண்டியை நிறுத்தறதுக்குள்ளயே எங்கிட்ட சொல்லிட்டாரு. கோட்டைத் துடைச்சிட்டான், ரோஷக்காரன், கேட்டா ஒத்துக்க மாட்டான், நீ பாய்கிட்ட சொல்லி மாத்திடுன்னு. நாந்தான் அவரு மூச்சைப் பார்ப்பேனா, உன் ஷாஃப்டைப் பார்ப்பேனான்னு விட்டுட்டேன்." கலசத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "அழுதாச்சுல்ல, கீழ போ. தொங்குறதை முழுசா கழட்டிப் போடு. முன் ஷாஃப்ட் நல்லாத்தானே இருக்கு? லிவரைப் போட்டா முன் சக்கரம் இழுக்கும்."

நான் ஃபிட்டர். அக்கா பேங்க் கேஷியர். (குவாரி ரோட்டில் அப்பா ஒருமுறை இப்படித்தான் பின் ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாராம். இவள் டார்ச் பிடித்தாளாம். நான் தூங்கினேனாம்.)

அடியில் படுத்தேன். நான்கு போல்ட். கண்டக்டர் திட்டை நிறுத்தாமலே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். கழற்றிய ஷாஃப்டை அக்காவின் காலடியில் போட்டேன். குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. லிவரைப் போட்டதும் ஜீப் முன் சக்கரத்தால் எங்களை இழுத்துக்கொண்டு போனது. மடியில் அப்பா, காலடியில் ஷாஃப்ட். ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் முன்பு கரைத்தோம். மூன்று முறை முங்கி எழுந்தும் என் மொட்டையில் கிரீஸ் போகவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்த கையோடு அதையும் விசாரித்தார்கள்.

இப்போது நான் கேஸ் சிலிண்டர் மாட்டினாலும், குக்கர் மூடியைத் தொட்டாலும், வீட்டில் யாராவது ஒருவர் கோடு பார்த்தாயா என்று கேட்பார்கள். பாய் அடுத்த முறை சாக்பீஸை நம்பவில்லை. ஷாஃப்டின் இரண்டு துண்டிலும் உளி வைத்து, ஒன்றுக்கொன்று நேராக, துண்டுக்கு ஒரு புள்ளி அடித்துவிட்டார். அவற்றை நேர் பார்த்துச் செருகி மாட்டியது நான்தான். ஆயுத பூஜைக்கு ஊரே வண்டிக்கு முன்னால் பொட்டு வைக்கும். நான் அடியில் படுத்து அந்த இரண்டு புள்ளிக்கும் வைப்பேன். அக்கா சுண்டல் கிண்ணத்தோடு வந்து நின்று, என் காலைப் பார்த்துக் கேட்பாள்.

"கோடு பார்த்துப் போட்டியாடா?"

"பார்த்துத்தான் போட்டேன்."

பார்த்துத்தான் போட்டிருக்கிறேன்.