முதல் மூன்று வருஷத்து ஓசோன்

சௌபாக்கியவதி மூத்த மகளுக்கு,

அப்பா அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் என் முழங்காலும் ஒருவாறு நலம். அங்கே உன் நலத்தையும், மாப்பிள்ளை நலத்தையும், உன் பதினைந்து மாடல்களின் நலத்தையும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். உலகத்துக் காற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் அடைத்து, தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரம் வரை எங்கெங்கே எவ்வளவு ஓசோன் இருக்கும் என்று கணக்குப் போடும் பதினைந்து மாடல்களை, நிஜமாகவே பலூன் விட்டு அளந்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறாய். சந்தோஷம். மேலே போகப் போக மாடல்கள் பரவாயில்லை, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதையும் பிடித்துவிடுகின்றன, தரைக்குப் பக்கத்தில்தான் தடுமாறுகின்றன என்கிறாய். அதுவரை தலையாட்டிக்கொண்டே படித்தேன். பதினோராம் பக்கத்தில், ஒரு நிலையத்தின் முதல் மூன்று வருஷ அளவுகள் மட்டும் தரையருகே எல்லா மாடல்களையும்விட இரண்டு மடங்கு காட்டுகின்றன, நம்பும்படி இல்லை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று போட்டிருக்கிறாய். அது எந்த நிலையம், அங்கே பலூன் விட்டவன் யார் என்று உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் நீயே உன் கையால் எழுதியதுதானே.

அந்த மூன்று வருஷத்தில் நூற்று நாற்பத்தெட்டு பலூன் விட்டிருக்கிறேன். புதன்கிழமை என்றால் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிக்குள் ஒரு சின்ன பம்பு, இரண்டு குப்பி மருந்துத் தண்ணீர். காற்றில் இருக்கும் ஓசோன் அந்தத் தண்ணீரில் பட்டால் துளி மின்சாரம் ஓடும், கீழே அறையில் பேனா தானாகக் காகிதச் சுருளில் கோடு போடும். ஒருவர் பலூனைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பெட்டியைப் பிடிக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். முதல் வாரம் பலூன் டைரக்டர் வீட்டு ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டு, அவர் வீட்டில் நான்கு நாள் டிவி தெரியவில்லை, அதற்கு எனக்கு மெமோ வந்தது. இரண்டாம் வாரம் பெட்டி பெண்கள் பள்ளிக்கூட மைதானத்தில் போய் விழுந்து, தலைமையாசிரியை அதைக் குடைக்காம்பால் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார். மூன்றாம் வாரம் கயிறு ஸ்டோர் கிளார்க்கின் மூக்குக்கண்ணாடியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த மனுஷர் விமானத்தில்கூட ஏறியதில்லை, அவர் கண்ணாடி பதினொரு கிலோமீட்டர் உயரம் பார்த்துவிட்டு வந்தது. "இனிமே பொட்டியத் தொட மாட்டேன், என்னை ஆளை விடுப்பா" என்று கும்பிட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆபீசில் யார் கை ஒழிந்திருந்ததோ அவர்கள் பிடித்தார்கள். ஆனால் காலை எட்டு மணி என்றால் எட்டு மணிதான். ஒவ்வொரு சுருளிலும் என் கையெழுத்திலேயே 8.00 என்று இருக்கிறது, பார்த்துக்கொள்.

உன் மாடலுக்கு என்ன தெரியும்? உலகத்தை நூறு கிலோமீட்டர் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறாய். எங்கள் ஆபீஸ், கடல், மலை, சிமெண்ட் ஆலை எல்லாம் ஒரே கட்டத்துக்குள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். பதினைந்தும் ஒரே மாதிரி சொல்கின்றன என்று பெருமைப்படுகிறாய். எந்த ஊரில் எவ்வளவு புகை என்ற பட்டியலைப் பதினைந்தும் ஒரே இடத்தில்தான் வாங்கியிருக்கின்றன என்று மூன்றாம் பக்கத்தில் நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். பதினான்கு பேர் ஒருவனைப் பார்த்துக் காப்பியடித்தால் விடை சரியாகிவிடுமா? மூன்று வருஷம் கழித்து மட்டும் என் அளவுகள் திடீரென்று மாடலோடு ஒத்துப்போவது ஏன் என்று அடிக்குறிப்பில் கேட்டிருக்கிறாய். சிமெண்ட் ஆலையை மூடியிருப்பார்கள்.

அந்த மூன்று வருஷத்தைத் தூக்கிப் போடாதே அம்மா. நான் வேலை பார்த்தது முப்பத்தொரு வருஷம், ஆனால் ஞாபகத்தில் பளிச்சென்று இருப்பது அந்த மூன்றுதான். பலூன் விட்ட அந்த ஆபீஸ் மொட்டைமாடி, ரப்பர் வாசனை, கையை விட்டதும் பலூன் பட்டாணி அளவுக்குச் சின்னதாகும்வரை கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது எல்லாம் அப்படியே இருக்கிறது.

நீயும் உன் வீட்டாரும் நல்ல காற்றைச் சுவாசித்து நீண்ட நாள் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. மாடல்களுக்கு என் கண்டனம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பலூன் பிரிவு (ஓய்வு).

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். "எட்டு மணிக்கா விட்டீங்க?" என்று கேட்டாள். நான் பசை டப்பாவைத் தேடினேன். "அது அங்க கணக்குப் போட்டு மண்டையை ஒடச்சிக்கிட்டிருக்கு. சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் கிளார்க் கும்பிட்டுப் போனதும் பெட்டியைப் பிடிக்க வந்தது, அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த உன் அம்மா. அவளுக்கு மதிய ஷிப்ட். பலூனைக் காலையிலேயே நிரப்பி வைத்துவிட்டு, பம்பு சரியில்லை, காற்று சரியில்லை என்று எதையாவது சொல்லி அவள் வரும்வரை காத்திருப்பேன். சுருளில் மட்டும் எட்டு என்று எழுதிவிடுவேன். தரையருகே காலையில் ஓசோன் சொற்பம், வெயில் ஏற ஏறத்தான் பெருகும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாம் வருஷக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். அப்புறம் அவளும் காலை ஷிப்டுக்கு மாறி, என் ஸ்கூட்டரிலேயே வந்தாள், பலூனும் எட்டு மணிக்குப் போனது. சிமெண்ட் ஆலை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்று உன்னிடமும் தம்பியிடமும் இத்தனை வருஷம் சொல்லி வைத்திருந்தோம், உன் பதினைந்து மாடல்களும் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டன.

ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்காதே. அளவு தப்பில்லை, நேரம்தான் பொய். எட்டு மணியை அடித்துவிட்டு மதியம் இரண்டரை என்று போட்டு ஓட்டிப் பார்.

அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ரெண்டரைன்னு போடாதீங்க, ரெண்டு நாப்பது" என்கிறாள். "பஸ்ஸ விட்டு எறங்கி, மூஞ்சி கழுவிக்கிட்டு, அப்புறந்தானே மாடிக்கு வருவேன்."