ஐம்பது கிலோமீட்டர் வட்டப் பாதையும் நகராத ஒரு புள்ளியும்

ஷார்ஜா, ரோலா
நவம்பர், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஜெயபாரதி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சம்யுக்தாவும் சுகம். அவள் அப்பா சவுதியில், யான்புவில் சுகமாக இருப்பதாக வாட்ஸ்அப்பின் நீலக் குறிகள் சொல்கின்றன. உங்கள் சர்க்கரையும் பெரியம்மாவின் முழங்காலும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

'விருதுநகர் சொந்தங்கள்' குழுவில் இப்போது அட்மின் மட்டுமே எழுதலாம் என்று நீங்கள் பூட்டிவிட்டதால், என் விளக்கத்தைக் காகிதத்தில் எழுதி, லீவில் ஊருக்கு வரும் தம்பி பாண்டித்துரையிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீங்கள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நான் ஒழுங்காக நடந்துகொள்ளாவிட்டால், அவருடைய காண்டிராக்ட் முடியும்வரை நானும் சம்யுவும் ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொன்னீர்களாம். அவளுக்கு இது பத்தாம் வகுப்பு. எனக்கு இது எந்த வகுப்பு என்று தெரியவில்லை, ஆனாலும் பாதியில் விட மனமில்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலையில் எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை மாதம் ஓடிய அந்த இரைச்சலைத்தான் குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அடுத்து நினைவிருப்பது, துபாய்க்கு வெளியே பாலைவனத்தில் சைக்கிள் பாதை ஒன்றின் வாசலில் டாக்சியிலிருந்து இறங்கி, வாடகைச் சைக்கிளின் சீட்டை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. (சைக்கிளை உடனே விற்றுவிடு என்று உத்தரவிட்டிருக்கிறீர்கள். அது என்னுடையதல்ல, பெரியப்பா. விற்றால் போலீஸ் வரும்.) பாதையைப் பார்த்ததும் உங்களைத்தான் நினைத்தேன். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுத் தார் ஊற்றியதுபோல அப்படி ஒரு நேர்க்கோடு, இரண்டு பக்கமும் மணல். சம்யுவிடம் போனில் சொன்னேன். "ம்மா, ஜஸ்ட் ஷேர் யுவர் லொகேஷன், ஓகே?" என்றாள். அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு அனுப்ப நினைத்து, கண்ணாடி போடாமல், குழுவிலுள்ள அறுபத்து மூன்று சொந்தங்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு அனுப்பிவிட்டேன். இதுதான் நான் செய்த குற்றம். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பலாம் என்பது என் திட்டம். துப்பட்டா இரண்டு முறை செயினில் மாட்டியது, பிறகு இடுப்பில் கட்டிக்கொண்டேன். அந்த மும்முரத்தில் பத்தாவது கிலோமீட்டர் வந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பினால் காவலாளி முகம்மது சித்தீக் குறுக்கே வந்து நிற்கிறார். "மேடம், ஒன் வே! உல்டா மாஃபி!" எதிர்த்திசையில் போகக்கூடாதாம். வாசலுக்குப் போகவேண்டும் என்றேன். "ஆகே ஜாவ் மேடம். கோல் ஹை. இதர் ஹி ஆயேகா." வட்டப் பாதையாம். முன்னேயே போனால் வாசல் வந்துவிடுமாம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பஸ், சாலீஸ்" என்றார், நாற்பது அடி என்பதுபோல. நாற்பது கிலோமீட்டர்! வீட்டுக்குத் திரும்புவதற்காக வீட்டைவிட்டு விலகிப் போகவேண்டும் என்பதன் பொருள் என்ன என்று யோசித்துக்கொண்டே மிதித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

இதற்கிடையில், பைக்குள் இருந்த போனில் நீங்கள் என்னை ஒரு ரயிலாக நடத்திக்கொண்டிருந்ததை மதியம்தான் பார்த்தேன். "9.40: புள்ளி சாலையை விட்டு விலகிவிட்டது." "10.15: வேகம் 14. ஒட்டகமாக இருக்கலாம்." "10.50: சுற்றிலும் ஊர் இல்லை. லைன் கிளியர் யார் கொடுத்தது?" முப்பத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவருக்கு அனுமதியில்லாமல் ஒன்று ஓடுவதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நாத்தனார் நாகஜோதி போட்ட வாய்ஸ் மெசேஜ்தான் புரியவில்லை. "ஏட்டி, இவ தம்பியப் பாக்க யான்புக்கே மிதிச்சுக் கெளம்பிட்டாளா, இல்ல தம்பிய விட்டுட்டே கெளம்பிட்டாளா? ரெண்டுல எதுன்னு யாராச்சும் சொல்லுங்க, நான் வெங்காயம் நறுக்கணும்!"

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் எடுக்கப் பையைத் திறந்தால் போன் மினுங்குகிறது. அவர்தான். டூட்டியிலிருந்து வெளியே வந்து, எமர்ஜென்சி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசுகிறார்.

"பாரதி, எங்க இருக்க?"

"தெரியலங்க."

"யார்கூட இருக்க?"

"யாரும் இல்ல."

"அப்ப எதுக்குப் போன?"

"அதாங்க எனக்கும் தெரியல."

நான்கு மாதத்தில் நாங்கள் சாப்பாட்டையும் சம்யுவின் மார்க்கையும் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். பிறகு, "காத்து அடிக்குதா அங்க?" என்று கேட்டார். அடிக்குதுங்க என்றேன். எழுதிக் கொடுத்த லீவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நாற்பத்து நான்காவது கிலோமீட்டரில் ஒரு நிழற்கூரையின் கீழ் உட்கார்ந்தேன். எதிரே நீளக் கொம்பு வைத்த வெள்ளை மான் ஒன்று நின்று என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்படியே நாற்பது நிமிடம் போய்விட்டது. அந்த நாற்பது நிமிடத்தில்தான் நீங்கள் "புள்ளி அவுட்டரில் நின்றுவிட்டது, விபத்து" என்று அறிவித்து, பக்கத்து சைட்டில் கிரேன் ஓட்டும் பாண்டித்துரையை அனுப்பியது. பிக்கப்பில் கேம்ப் ஆட்கள் நான்கு பேர், ஒரு பெட்டி குளுக்கோஸ், ஒரு கயிறு. கயிறு எதற்கென்று அவனுக்கும் தெரியவில்லை.

"அக்கா! ஒங்களக் கடத்திட்டாகன்னு பெரியப்பா சொன்னாக!"

"மான்தான்டா இருக்கு."

"ஏறுங்கக்கா, சைக்கிளத் தூக்கிப் போட்டுருவோம். ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

"இன்னும் ஆறு கிலோமீட்டர்தான்டா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கால் இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. ஆனாலும் ஏறவில்லை. பக்கத்து ரோட்டில் பிக்கப் இரண்டு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டு கூடவே வர, நான்கு பேரும் "யல்லா அக்கா, யல்லா!" என்று கத்த, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும். 'இனித் தனியாகப் போகக்கூடாது' என்பதுதான் உங்கள் நிபந்தனை என்று பாண்டித்துரை சொன்னான். மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். இனி ஒருபோதும் தனியாகப் போகமாட்டேன். எங்களை ஊருக்கு அழைக்காமல் இருந்து ஆசீர்வதியுங்கள். சொந்தங்கள் அறுபத்து மூன்று பேருக்கும் என் வணக்கமும் மன்னிப்பும்.

உங்கள் மகள் முறையான,
ஜெயபாரதி

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு பெரியம்மா போன் செய்தார். "தனியாப் போறதுதானடி அவருக்குப் பிரச்சினை? கூட ஒரு ஆள் வந்தாச் சரிதான? நான் வாரேன், விசா எடு" என்றார். உங்களுக்கு சைக்கிள் தெரியுமா பெரியம்மா என்று பதறிப்போய்க் கேட்டேன். "அவர் டூட்டிக்குப் போனதும் அவர் சைக்கிள எடுத்துக்கிட்டு ரயில்வே காலனியச் சுத்துறதுதான் அப்ப என் வேலை. குரங்குப் பெடல்லயே பதினோரு வருஷம். வர்ற வண்டி போற வண்டியெல்லாம் அந்த மனுஷனுக்கு அத்துப்படி, வீட்டு வண்டி ஒண்ணுதான் தெரியாது. நான் சொல்லமாட்டேன், நீயே லெட்டர்ல போட்டுரு" என்றார். போட்டுவிட்டேன். விசா இன்று, வியாழக்கிழமை காலை, வந்துவிட்டது.