எழுபது கிலோமீட்டர் நிம்மதி

என் காரின் பேட்டரியை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்று ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தேன். வாயெல்லாம் நுரை. சபதம் வெளியே கேட்கவில்லை. என் சபதங்கள் எல்லாமே அப்படித்தான், குளியலறைக் கதவைத் தாண்டியதில்லை.

எங்களுடையது மின்சாரக் கார். வாங்கி ஒன்பது வருடம். புதிதில் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியது. இப்போது எழுபது. பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கில் செல்கள் இருக்கின்றன. 'செல்' என்று பெயர் வைத்துக்கொண்டு செல்ல வேண்டாமோ? பாதிக்கு மேல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் உள்ளுக்குள் கொட்டுமேளம் கொட்டினேன்.

ஏனென்றால், என் சகலை வீடு தொண்ணூற்றைந்தாவது கிலோமீட்டரில் இருக்கிறது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். ஓய்வு பெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்டாவது மாடிக்கு மாடி நிற்கும். இவர் பேச்சு எந்த மாடியிலும் நிற்காது. எதைக் கண்டாலும் ஆட்டிப் பார்ப்பார். கதவை, நாற்காலியை, ஒருமுறை என் கடைவாய்ப் பல்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை எனக்கு. ஊரார் பிழையை எல்லாம் நான் திருத்துவேன். என்னை அவர் திருத்துவார். ஞாயிறு தவறாமல், மத்தியானம் முழுக்க.

பேட்டரி பலவீனமானதும் அது நின்றது. பாதி வழியில் சார்ஜ் போடும் இடம் ஒன்று உண்டு. நான் செய்த புண்ணியம், அது எப்போதும் பழுது. பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி. ஆக, எட்டு மாதமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே எனக்கு.

அதற்குத்தான் அன்று ஆபத்து வந்தது.

"ஏங்க, பேட்டரியை மாத்திடலாமா?"

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது."

"நேத்து மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை மூச்சு வாங்குச்சு."

"வயசானா யாருக்குத்தான் மூச்சு வாங்காது? எனக்கும்தான் வாங்குது. என்னை மாத்திடுவியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தாள்.

"அக்காவைப் பார்த்து எட்டு மாசம் ஆச்சுங்க" என்றாள் மெல்ல. "சனிக்கிழமை மெக்கானிக்கைக் கேட்டுடலாம்."

மனசில் முள் ஒன்று குத்தத்தான் செய்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் நேராக மெக்கானிக்கிடம் ஓடினேன்.

ஊரில் அவருக்குக் கரண்ட் வைத்தியர் என்று பெயர். பட்டறையில் ஒரு கார் வயிறு திறந்து, ஆரஞ்சு நிற வயர்கள் குடல்போலத் தொங்க, அந்தரத்தில் நின்றது. முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டி அதற்கடியில் அவர் நின்றிருந்தார்.

"சனிக்கிழமை என் மனைவி வருவா. இந்தக் காருக்குப் புது பேட்டரியே கிடைக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"சார், நான் தொழில் தர்மம் பார்க்கிறவன்."

சகலையைப் பற்றிச் சொன்னேன். கடைவாய்ப் பல் விவகாரம் வரும்போது அவர் கையுறையைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் ஒரு சகலை இருக்கான் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை நாடகம் பிரமாதமாக நடந்தது. காருக்குள் ஏதோ ஒரு கருவியைச் செருகினார். திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்தெட்டு சதவீதம்தான் உயிர் இருக்கும்மா."

"புதுசு போட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்கம்மா."

"பழசு ஏதாவது?"

"அதுவும் இல்ல."

"கெட்டுப்போன செல்லை மட்டும் மாத்தினா?"

"எதைன்னு மாத்துறது? உடம்பு முழுக்கப் பரவிடுச்சும்மா."

நான் பெருமூச்சு விட்டேன். ஒன்று போதாதோ என்று இரண்டாவதாகவும் விட்டேன். மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, நாம குடுத்து வச்சது அவ்வளவுதான். நீங்க கார்ல உட்காருங்க. குடையை உள்ள மறந்துட்டேன், எடுத்துட்டு வந்துடுறேன்."

நான் காரில் உட்கார்ந்து விசிலடித்தேன். ஒரு குடையை எடுக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. விசில் சுகத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் சொர்க்கம். நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை டீயோடு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"ஏங்க, ஒரு நல்ல சேதி. அக்காவும் மாமாவும் மாடிக்குக் குடி வர்றாங்க."

"எந்த மாடிக்கு?"

"நம்ம தலைக்கு மேல இருக்கே, அந்த மாடிக்கு. போன மாசம் காலியாச்சுல்ல?"

டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது.

"எதுக்கு? அங்க சொந்த வீடு இருக்கே!"

"நம்ம கார் அங்க போகாது. பேட்டரியும் கிடைக்காது. எத்தனை நாளைக்குத்தான் பிரிஞ்சு இருக்கிறது? மாமாதான் ரொம்ப சந்தோஷப்படுறார். காலையில உங்ககூட நடக்க வருவாராம். சாயங்காலம் செஸ் கத்துக்குடுப்பாராம்."

"எனக்குத்தான் செஸ் தெரியுமே!"

"தப்பா ஆடுறீங்களாம்."

தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் பதினெட்டுப் படிகளாகச் சுருங்கியது. அதுவும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதற்கென்றே தினம் ஒரு சொற்பொழிவு உண்டு. வாரம் ஒருநாள் சகலை எங்கே, நித்திய சகலை எங்கே!

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்... பேட்டரி கிடைச்சுட்டா?"

"கிடைச்சா அவங்க எதுக்கு வரணும்? நாமளே போய்ட்டு வந்துடலாமே. அதான் தயாரிக்கிறதே இல்லையே!"

"நான் வேணா ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன்."

"வேணாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"அலைச்சலா? குடும்பத்துக்காக இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்!"

அரைநாள் லீவு போட்டுவிட்டு காரைப் பட்டறைக்கு விரட்டினேன். விரட்டினேன் என்பது என் மனநிலை. கார் அதன் வேகத்தில்தான் போனது.

"உடனே பேட்டரியை மாத்தணும். எங்க இருந்தாலும் வரவழைங்க" என்று மூச்சிரைத்தேன்.

கரண்ட் வைத்தியர் மூலையைக் காட்டினார். அங்கே கட்டில் அளவுக்கு ஒரு பெட்டி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதன்மேல் என் கார் நம்பர். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். அதோடு இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

"பேட்டரி வந்து பத்து நாள் ஆச்சு சார். அன்னைக்கு அம்மா குடை எடுக்க வந்தாங்கல்ல? அப்பவே ஆர்டர் குடுத்துட்டாங்க."

"உங்களுக்கும் ஒரு சகலை இருக்கான்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்களே!"

"இருக்கான் சார். ஆனா எனக்கு வீட்டுக்காரியும் இருக்கா. அவளும் உங்க வீட்டம்மாவும் ஒரே தையல் வகுப்பு. நான் என்ன செய்ய?"

"அப்ப ஏன் அன்னைக்கே என்கிட்ட சொல்லலை?"

"வண்டி உங்க பேர்ல இருக்கு சார். உங்க கையெழுத்து இல்லாம நான் கை வைக்க முடியாது. கேட்டா நீங்க போட மாட்டீங்க. 'கவலைப்படாதீங்க, திங்கட்கிழமை அவரே ஓடி வருவார்'னு அம்மா சொன்னாங்க. காலையில இருந்து பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

கையெழுத்துப் போட்டேன். பழைய பேட்டரியைக் காரின் வயிற்றிலிருந்து மெதுவாக இறக்கினார்கள். எட்டு மாதம் என்னைக் காப்பாற்றிய மகராசன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து வைத்தியர் ஊதிவிட வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பேட்டரிதான் கிடைச்சிடுச்சே. உங்க அக்கா இனிமே மாடிக்கு வரமாட்டாங்கல்ல?"

"சொந்த வீட்டை விட்டுட்டு யாராவது வாடகை மாடிக்கு வருவாங்களா? சும்மா சொன்னேன்."

"அடிப்பாவி! பொய்யா?"

"பேட்டரி கிடைக்காதுன்னு நீங்க சொல்ல வச்சீங்கல்ல? அதே மாதிரிதான்."

சனிக்கிழமை காலை. நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சகலையைத் தாங்கும் திடத்தை மனசுக்கு ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் அவள் பெட்டி.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"உங்க அக்கா வீட்டுக்குத்தான்."

"உங்களை யாரு வரச் சொன்னா? எனக்குக் கார்தான் வேணும். நீங்க வீட்டுலயே இருங்க."

எனக்குக் காது இனித்தது. இதை எட்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தால் நானே பேட்டரியைத் தலையில் சுமந்து வந்திருப்பேனே! கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டினேன். கதவைச் சாத்தினேன். காலைத் தூக்கி மேஜைமேல் போட்டேன். டிவி ரிமோட் நீண்ட பிரிவுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. இரண்டு நாள் ராஜ வாழ்க்கை!

மூன்று மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது.

எங்கள் கார்தான். மனைவியும் அவள் அக்காவும் முன்சீட்டில். இருவர் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. பின்கதவு திறந்தது. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செஸ் பலகையுமாகச் சகலை இறங்கினார்.

மனைவி கார் ஜன்னலை இறக்கினாள். "நானும் அக்காவும் பத்து நாள் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வர்றோம். மாமா தனியா இருந்தா வாடிப் போயிடுவார். பார்த்துக்குங்க."

"பத்து நாளா? அவ்வளவு தூரம் வண்டி தாங்குமா?" என்று என் கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

அவள் ஜன்னலை ஏற்றினாள். கார் சத்தமே இல்லாமல் நழுவிப் போய்விட்டது.

சகலை கேட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் கையைப் போட்டார்.

"கவலையை விடுங்க சகலை, புது பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டியாம். இனிமே மாசாமாசம் வந்துடுவேன்."