சரோஜாக்கா கையில் சிக்கிய செக்லிஸ்ட்

வாங்கப் போகிற கட்டடத்திலேயே வாடகைக்கு வீடு கேட்டுப் போய் நிற்பதை மகா புத்திசாலித்தனம் என்று நினைத்தவன் நான். இருபது வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவனுக்கு அந்தக் கர்வம்கூட இல்லாமல் எப்படி?

ஓசூரில் பாகலூர் சாலைக்குப் பின்னால், கீழே மூன்று கடை, மேலே ஆறு வீடு. ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருந்த தெருவில், பெங்களூரு வாடகைக்குப் பயந்த கம்ப்யூட்டர்காரர்கள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். என் பி.எஃப். பணம், மனைவி பிலோமினாவின் நகை எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள் போகவிருந்தன. புரோக்கரை நம்பாமல், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள், பழைய யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு (பட்டன்கள் பாவம்) கிளம்பினேன்.

காலியாக இருந்த ஒரே வீட்டின் சாவி, கீழே மெஸ் நடத்தும் சரோஜாக்காவிடம் இருந்தது.

"எந்தக் கம்பெனிங்க?"

"சூளகிரி பக்கம்... நைட் ஷிப்டு."

"இந்த வயசுலயா?" என்றபடி சாவியை எடுத்தார்.

சுவரைத் தட்டினேன், குழாயைத் திறந்தேன், திருட்டுத்தனமாகத் தாளில் குறித்தேன். மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டபோது என் மூக்குக்கண்ணாடி தொபுக்கென்று உள்ளே விழுந்தது. நான் போட்ட அலறலில் மற்ற ஐந்து வீட்டு ஜனமும் கூடிவிட்டது. கண்ணாடியைப் பிடிக்கப் பாய்ந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்த செக்லிஸ்ட் அக்காவின் காலடியில் விழுந்திருந்தது. யார் முகமும் தெரியவில்லை. அக்கா படித்தது மட்டும் நன்றாகக் கேட்டது.

"சுவர், பாஸ். குழாய், பாஸ். மெஸ், ரிஜெக்ட். காலி செய்து காபி ஷாப் வைக்கலாம்."

கண்ணாடிக்குப் பின்னாலேயே நானும் தொட்டிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

அக்கா திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். "சுவரு பாஸா? வாங்க" என்று கடைசி வீட்டுக்குக் கூட்டிப் போய் பீரோவை நகர்த்தச் சொன்னார். பின்னால், கண்ணாடி இல்லாமலே தெரிகிற மாதிரி, விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

"மழை வந்தா இந்த வூட்டுப் புள்ளைங்க மூலையில ஒண்டிக்குதுங்க. ஓனருக்கும் தெரியும், புரோக்கருக்கும் தெரியும்."

"உங்களைக் காலி பண்ண நினைச்சவன்கிட்ட ஏங்க்கா இதைக் காட்டறீங்க?"

"நான் போனாலும் இவுங்க இருப்பாங்க இல்ல? தெரியாம வாங்குனா அழுவீங்க, சரி பண்ண மாட்டீங்க. தெரிஞ்சு வாங்குங்க."

என் சர்வீஸில் அப்படி ஒரு இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை. அந்த விரிசலைக் காட்டியே விலையைக் குறைத்தேன், மிச்சத்தில் சுவரைச் சரிசெய்தேன். மெஸ்ஸைக் காலி செய்யும் எண்ணம் அன்றைக்கே போய்விட்டது. நினைத்தாலே வெட்கமாக இருந்தது.

பத்திரம் முடிந்து சாப்பிடப் போனபோது அக்கா கேட்டார், "பாஸுக்கும் ரிஜெக்ட்டுக்கும் நடுவுல ஒண்ணு சொல்லுவீங்களே, என்னாங்க அது?"

"ரீவொர்க். குறையைச் சரிபண்ணிட்டு மறுபடி பாக்கறது."

இன்று அந்தத் தாள் லேமினேட் ஆகி, மெஸ் கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. கடைசி வரி அக்காவின் கையெழுத்து: "ஓனர், ரீவொர்க்."

நான்கு வருடமாக என் பிறந்தநாளில் கேக் வெட்டும் முன் பிலோமினா மெஸ்ஸுக்குப் போன் போடுகிறாள். "அக்கா, இந்த வருஷமாச்சும் எங்க வூட்டுக்காரருக்குப் பாஸ் போட்டீங்களா?"

ஸ்பீக்கரில் பதில் வரும். "எங்கம்மா போடறது? மூணாவது வூட்டுக் கொழாயி இன்னும் சொட்டுது."